ஐந்து மணி மரம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லலாம், உண்மையில் சோம்பல்தான். சாலையை அகலப்படுத்த உங்கள் ஊர்ப் புளியமரங்களை வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து இங்கே சிங்கப்பூரில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மரங்களையே பார்க்கிறேன்.

போன வாரம் மகளை அழைத்துவரச் சாங்கி விமான நிலையத்துக்குப் போனேன். திரும்பும் வழியில், ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வே விரைவுச்சாலை நெடுகத் தூங்குமூஞ்சி மரங்கள் குடை பிடித்து நின்றன. டாக்சியின் வேகத்துக்கு அதுவே பொருத்தம். ஒரே வகை மரம் சீராக வரிசை கட்டி வரும்போது கண்ணுக்கு ஒரு தாளம் பிடிபடுகிறது. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பையன்கள் இதைப் 'புக்குல் லிமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்களே, நினைவிருக்கிறதா? இலை மடங்கத் தொடங்கியதும் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். இலை மடங்குவதால் மழை தரைக்கு இறங்குகிறது, அடியில் புல்லும் பச்சையாக இருக்கிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

எங்கள் அடுக்குமாடி புளோக் பக்கச் சாலையோ வேறு மாதிரி. தேசியப் பூங்காக் கழகம் 2013 முதல் அமைத்துவரும் 'நேச்சர் வே' அது. உயரமான மரங்கள், அவற்றுக்குக் கீழே நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே செடி, புதர் என்று காட்டின் அடுக்குகளைச் சாலையோரத்தில் நட்டிருக்கிறார்கள். முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. முடிவெட்டக் காசு கொடுத்தும் வெட்டாமல் வந்த பையனைப் போல இருந்தது. பிறகு ஒருநாள் தாமதமான பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தேன்சிட்டு ஒன்று புதருக்குப் புதர் தாவிப் போனதைப் பார்த்தேன். ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் போய்வரத்தான் இந்த ஏற்பாடாம். டாக்சியில் போகிறவனுக்கு இது வெறும் பச்சைச் சுவர். நடப்பவனுக்குத்தான் பத்தடிக்கு ஒரு காட்சி. ஆனால் வளைவுகளில் புதரை இன்னும் குட்டையாக வைத்திருக்கலாம். சைக்கிள் வருவதே தெரிவதில்லை.

புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்த காட்டை ஒட்டவைக்க, 2013இல் 62 மீட்டர் நீளத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள். அதன்மேலும் மரங்கள்தான். நமக்கு அனுமதி இல்லை, எறும்புதின்னிக்கு உண்டு!

1963 ஜூனில் ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில், அப்போது பிரதமராக இருந்த லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்று நட்டுத் தொடங்கியது இந்த மரம் நடும் வேலையெல்லாம். ஃபேரர் பார்க் என்று நினைத்துவிடாதே. இது ஹாலந்து சாலைப் பக்கம். கன்று நடுவது யாருக்கும் முடியும் சேகர். சாலைக்கு வரைபடம் போடும்போதே மரத்துக்கும் ஒரு பட்டை நிலம் ஒதுக்குகிறார்களே, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. உங்கள் புளியமரங்களுக்கு அந்த நிலம் இல்லாமல் போய்விட்டது. இங்கேயும் வெட்டாமல் இல்லை. 2001இல் மரபுச் சாலைகள் என்று ஒரு திட்டம் தொடங்கி, பின்னர் ஐந்து சாலைகளின் ஓர மரங்களுக்குச் சட்டக் காவல் கொடுத்தார்கள். மண்டாய் சாலை அதில் ஒன்று. மற்றச் சாலைகளில் ரயில் நிலையம் வந்தால் மரம் போகிறது.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? மாடி பஸ்ஸில் முன் இருக்கையைப் பிடிப்போம். கிளைகள் கண்ணாடியை உரசும். உன் மனைவி பயப்படாமல் இருந்தால் சரி. வரும்போது அரைக் கிலோ கருப்பட்டி கொண்டுவா.

அன்புடன்,
முத்து