வியாழக்கிழமை மதியம்

மணிநகர், அகமதாபாத்

அன்புள்ள நடராஜா,

இங்கு எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

சின்னவன் ஒருவழியாக டிபன் கடை திறந்துவிட்டான். கூட்டாளி குஜராத்திப் பையன். போன வியாழக்கிழமை பால் காய்ச்சலாம் என்று முடிவானதுமே கூத்து ஆரம்பித்தது. பையனின் அப்பா 'சோகடியா' (இங்கே நல்ல வேளை பார்க்கும் கணக்கு) பார்த்து, மதியம் 2.15-க்கு மேல் 'அம்ருத்', அதைவிட நல்ல வேளையே கிடையாது என்றார். இவள் தினசரி காலண்டரைத் தூக்கி வந்துவிட்டாள். வியாழன் 1.30–3 ராகுகாலம். "அந்த நேரத்தில் அடுப்பு பற்றவைத்தால் நான் கடைப் பக்கமே வரமாட்டேன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் பேசியது ஒரே பங்கைப் பற்றித்தான். உதயம் முதல் அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்தால் வியாழனுக்கு ஆறாவது பங்கு அவர்களுக்கு அமிர்தம், நமக்கு ராகு. நாம் 6-க்கு 6 என்று வைத்து மணியை நிலையாக்கிவிட்டோம். இங்கே இப்போது உதயமே 6.40-ஐ ஒட்டித்தான், ஜனவரியில் 7.20 ஆகிவிடும். உதயத்திலிருந்து கணக்குப் போட்டால் ராகுகாலமும் 2.15 வாக்கில்தான் பிறக்கும். சொல்லிப் பார்த்தேன். "காலண்டரில் போட்டிருப்பதுதான்" என்று முடித்துவிட்டாள்.

எல்லாக் கிழமையும் இப்படி முட்டிக்கொள்வதில்லை. திங்கள், வெள்ளியில் நம் ராகுகாலத்தில் அவர்களுக்கும் 'கால்', சனியின் பங்கு, ஆகாது. செவ்வாய், வியாழன்தான் வம்பு. அவர்கள் பங்குகள் சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று நம் ஓரை வரிசையிலேயே சுழல்கின்றன. அதில் ராகுவுக்கு இடமே கிடையாது. நம் ராகுகாலத்துக்கோ, கிழமைகளின் முதலெழுத்தை வைத்து 'திருவிழா சந்தையில் வெளியில் புகுந்து' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசை!

இங்கே வியாபாரிகள் லாப், சுப், அம்ருத் என்ற நல்ல பங்குகள் எப்போது வருகின்றன என்றுதான் தேடுகிறார்கள். தீபாவளிக்குக் கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை போடுவதும் அப்படித்தான். ராத்திரிக்கும் எட்டுப் பங்கு உண்டே. நாம் கௌரி பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே முதலில் எதை ஒதுக்குவது என்று பார்க்கிறோம். எனக்கென்னவோ அவர்கள் போக்குதான் பிடித்திருக்கிறது.

கடைசியில் பகல் 1 மணிக்குப் பால் பொங்கியது. அவர்களுக்கு 'லாப்', நமக்கு ராகுவும் இல்லை எமகண்டமும் இல்லை. சம்பந்தி சண்டை மாதிரி ஆரம்பித்தது, கேசரியோடு முடிந்தது.

சித்திரை பிறப்பதற்குள் பாம்புப் பஞ்சாங்கம் ஒன்று வாங்கித் தபாலில் போடு. இவளுக்கல்ல, பையனின் அப்பாவுக்கு. அட்டையைப் பார்த்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
ராமு