மெழுகுவர்த்தி அணைந்த பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், வீட்டிலேயே கற்கும் சிறு பிள்ளைகளுக்கான எளிய அறிவியல் சோதனைகள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்கல்வி என்றாலே 'இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா, பிள்ளைகள் நாலு பேரோடு பழகுவார்களா' என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். அவற்றைத் தாண்டி, அப்பிள்ளைகள் நாள்தோறும் எதை, எப்படிக் கற்கலாம் என்பதைக் கட்டுரை எடுத்துக்கொண்டது மகிழ்ச்சி அளித்தது. ஏழு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் வீட்டிலேயே கற்பித்துவரும் தாய் என்ற முறையில், அதைப் பற்றி ஒரு முக்கியமான குறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் கீழே கட்டம் கட்டி, 'ஏன் இப்படி நடக்கிறது?' என்று கேட்டு, விடையையும் அங்கேயே அச்சிட்டிருக்கிறீர்கள். விடை கையில் இருந்தால் பிள்ளை சோதனையைச் செய்யாது. விடைக்கு ஏற்றபடி நடித்துக் காட்டும். அதிலும் ஒரு விடை தவறானது.

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன் மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கும் சோதனையைத்தான் குறிப்பிடுகிறேன். சுடர் அணைந்து, தம்ளருக்குள் தண்ணீர் மேலேறுகிறது. 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கான ஆக்சிஜன் எரிந்து தீர்ந்ததால், அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது' என்பது கட்டுரை தரும் விளக்கம். நானும் என் பள்ளி நாட்களில் இதையே மனப்பாடம் செய்தேன். இன்றும் பல குறிப்பேடுகளில் இதுவே இருக்கிறது. ஆனால், மூடிய தம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீரும்வரை எந்த மெழுகுவர்த்தியும் எரிவதில்லை. அதன் அளவு 21 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கணிசமான கார்பன் டை ஆக்சைடும் உள்ளே சேர்ந்துவிடுகிறது. தண்ணீர் ஏறுவதற்கு முதன்மையான காரணம் வெப்பம். சுடரின் மேல் தம்ளரைக் கொண்டுவரும்போதே அதனுள் இருக்கும் காற்று சூடேறி விரிகிறது; ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளியிலுள்ள காற்று தட்டிலிருக்கும் நீரை உள்ளே தள்ளுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, கண் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையைச் செய்தபோது நான் எந்த விளக்கமும் சொல்லாமல் பேசாதிருந்தேன். தம்ளரைக் கவிழ்த்தவுடன் விளிம்போரம் இரண்டொரு குமிழிகள் வெளியேறியதை முதலில் பார்த்தவன் சின்னவன். மகள் இன்னொன்றைக் கவனித்தாள்: "சுடர் எரியுறப்போ தண்ணி அவ்வளவா ஏறலையேம்மா, அணைஞ்சதுக்கு அப்புறம்தானே சர்ருன்னு ஏறுது?" ஆக்சிஜன் எரிவதுதான் காரணம் என்றால், எரியும்போதே தண்ணீர் சீராக ஏறியிருக்க வேண்டும். பிறகு அவளாகவே ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். தம்ளர் அதே தம்ளர், உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் அதே அளவு. ஆனாலும் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறியது. அச்சிட்ட விடையை முன்கூட்டியே படித்துக் காட்டியிருந்தால் குமிழிகளை யாரும் பார்த்திருக்கப் போவதில்லை, மூன்று மெழுகுவர்த்திகளுக்கும் வேலை இருந்திருக்காது. சூட்டில் விரிவடையும் காற்றைப் பற்றிய முழு விளக்கம் அவளுக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டிய அவசரமும் இல்லை.

மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு உரைகளும் ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றியே அமைந்தவை. அவ்வளவு பெரிய அறிஞர் அந்த ஒரு பொருளிடம் அத்தனை பொழுது நின்றிருக்கிறார். நாமோ ஒரே பக்கத்தில் பத்துச் சோதனைகளை அடுக்கிவிடுகிறோம். ஆப்ப சோடாவில் வினிகரை ஊற்றி 'எரிமலை' பொங்கவைப்பதும் அந்தப் பத்தில் ஒன்று. பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் சோடாவைக் கூட்டினால் என்ன ஆகும், வினிகருக்குப் பதில் எலுமிச்சைச்சாறோ புளிக்கரைசலோ ஊற்றினால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்விக்குப் போகாவிட்டால் அது வாணவேடிக்கையாகவே நின்றுவிடும்.

செலவே இல்லாமல் ஆண்டு முழுவதும் செய்யக்கூடிய ஒன்றைக் கட்டுரை விட்டுவிட்டது. மொட்டைமாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் நுனியைக் கால் மணிக்கொரு முறை சுண்ணக்கட்டியால் குறித்துவந்தால் போதும். நிழல் மிகக் குறுகும் உச்சிப்பொழுது என்றால் சரியாகப் பன்னிரண்டு மணி என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். நமது கடிகார நேரம் கிழக்கே 82.5 பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவது. எங்கள் கும்பகோணமோ அதற்கு ஏறத்தாழ மூன்று பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே இங்கே நிழல் மிகக் குறுகும் நேரம் சராசரியாக 12 மணி 12 நிமிடத்தை ஒட்டி வரும். அதுவும் நிலையாக இருப்பதில்லை. பிப்ரவரி நடுவில் 12.25ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் பன்னிரண்டுக்குச் சற்று முன்பே வந்துவிடும். தமிழ்நாடு முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நின்று, குச்சிக்கு நிழலே விழாத 'நிழலில்லா நாள்' எல்லா ஊர்களுக்கும் ஆண்டில் இரண்டு முறை உண்டு. கன்னியாகுமரியில் அதன் முதல் நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும், எங்கள் ஊரில் மூன்றாம் வாரத்திலும், சென்னையில் நான்காம் வாரத்திலும் வரும். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் சித்தப்பா, மாமா வீட்டுப் பிள்ளைகள் தேதியைக் குறித்துத் தொலைபேசியில் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

பாதுகாப்பைப் பற்றி இன்னொன்று. மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பதைக் காட்டும் சோதனையில், 'குழந்தைகள் தாங்களே சுண்ணாம்பைக் கரைக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் கருவிழி வெந்து பார்வையே போகக்கூடும். அதே நிறமாற்றத்தைத் துணி சோப்புக் கரைசலே காட்டிவிடும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்புப் போட்டவுடன் கறை சிவப்பதை வீட்டில் எல்லோரும் பார்த்திருப்போம். வெறும் தண்ணீரில் அலசினால் அது மீண்டும் மஞ்சளாவது ஏன், வெயிலில் காயப்போட்டால் மங்குவது ஏன் என்று அதிலிருந்து கேள்விகள் கிளைத்துக்கொண்டே போகும்.

கட்டுரையின் இறுதியில், ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள சோதனைப் பெட்டிகளை வாங்கும்படி பரிந்துரைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972ஆம் ஆண்டு பதினாறு கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், பிள்ளைகள் சுற்றுப்புறத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டு தாங்களே செய்து, பதிவுசெய்து, விவாதித்துக் கற்றார்கள். தேர்வுகூடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவதாகவே இருந்தது. அந்தச் சூழலில் உருவான, எளிய பொருள்களால் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகளுக்குத் தேவையானவை தீக்குச்சிகளும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளும் மட்டுமே. நான்கு குச்சிகளை இணைத்துச் சதுரம் செய்து அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. கூரைச் சட்டங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் ஐந்து வயதுப் பிள்ளையின் விரல்களுக்கே புரிந்துவிடுகிறது. வீட்டுக்கல்வியை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர் இருக்கும்போது, அதற்குப் பெட்டி வாங்குவதே வழி என்று எழுதுவது அந்த எண்ணத்தை வலுப்படுத்திவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் மாலை நேரத்தில் பயன்பட வேண்டிய கட்டுரை அது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். சுண்ணாம்பு பற்றிய எச்சரிக்கையை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். மெழுகுவர்த்திச் சோதனைக்குத் திருத்தம் வெளியிடும்போது சரியான விளக்கத்தை உடனே தந்துவிடாமல், பெரியவர்கள் அருகில் இருக்க, ஒன்று, இரண்டு, மூன்று மெழுகுவர்த்திகளை வைத்துத் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதி அனுப்பும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். வருகிற அளவுகளைப் பொருந்தாதவையும் உட்பட அப்படியே அச்சிட்டு, விளக்கத்தை அதற்கடுத்த வாரம் தாருங்கள். எங்கள் வீட்டு அளவுகளை மகளே தன் கையெழுத்தில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.