கூன் விழுந்த மீன் குஞ்சை ஊருணியில் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வண்ண மீன் வளர்த்து வருமானம் பார்ப்பது பற்றி அண்மையில் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் பொரித்த குஞ்சுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நடப்பதைப் பார்க்கிறவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும்.

கான்விக்ட் சிக்லிட் என்று ஒரு மீன். சாம்பல் உடம்பில் கறுப்புப் பட்டை, சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. ஜோடி சேர்ந்துவிட்டால் உடைந்த பூந்தொட்டி ஓடு ஒன்று போதும், அதற்குள் நூறு, இருநூறு என்று முட்டையிட்டு ஆணும் பெண்ணுமாகக் காவல் காக்கும். மூன்று நாளில் பொரிந்து, அடுத்த நாலைந்து நாளில் குஞ்சுகள் கூட்டமாக நீந்த ஆரம்பித்துவிடும். இவ்வளவு சுலபமாகப் பெருகுவதால், ஒரே தாய்க்குப் பிறந்த மீன்களே ஜோடியாகிக் கைமாறிக் கைமாறி, உறவுக்குள்ளேயே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கின்றன. குறையுள்ள குஞ்சுகள் அதிகமாவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முட்டையில் இருந்து வந்த உடனே எதையும் தீர்மானிக்க வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும்வரை எல்லாக் குஞ்சும் தரையில்தான் துடித்துக்கொண்டு கிடக்கும். மற்றவை நீந்திய பிறகும் மேலே எழும்ப முடியாமல் தவ்வித் தவ்வித் தரையிலேயே போகிறதா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குக் காற்றுப்பை சரியாக அமையவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆனதும் ஒரு கண்ணாடி டம்ளரில் நாலைந்தாக எடுத்துவிட்டு, மேலே இருந்து பார்த்தால் முதுகெலும்பு வளைவு தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் மூடாத வாய், கோணிய தாடை, செவுள் மூடி குட்டையாகி உள்ளே சிவப்பு தெரிவது எல்லாம் பிடிபடும். துடுப்புக் கிழிசல் குறையில்லை, வளர்ந்துவிடும். வயிறு ஒட்டியிருந்தால் பசியாகவும் இருக்கலாம், தீனி போட்டுப் பாருங்கள். நேராக வளர்ந்த பெரிய மீன் திடீரென்று கூன் விழுந்து மெலிந்தால் அது வேறு கதை, மீன் காசநோயாக இருக்கலாம், கையில் புண்ணோடு அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பரம்பரைதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. முட்டைப் பருவத்தில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானாலும் இப்படி வரும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டி என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு தடவை சில குஞ்சுகள் கோணலாக வந்தால் தண்ணீரையும் தீனியையும் பாருங்கள். இடத்தை மாற்றியும் அதே ஜோடிக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிடுவதுதான் நியாயம்.

கழிப்பது பாவம் என்று பலர் நினைக்கிறார்கள், அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வாய் மூடாத குஞ்சு பட்டினியில் சாவதையும், எழும்ப முடியாததை உடன்பிறந்தவையே கொத்துவதையும் பார்த்துக்கொண்டிருப்பது புண்ணியமா? செவுள் மூடி மட்டும் கொஞ்சம் குட்டை, நன்றாகத் தின்கிறது, நீந்துகிறது என்றால் தனித்தொட்டியில் வாழட்டும், ஜோடி மட்டும் சேர்க்காதீர்கள். வாழ வழியில்லாததற்கு நாட்டு மருந்துக் கடைக் கிராம்பு எண்ணெய் இருக்கிறது. சில சொட்டுகளைச் சின்ன பாட்டிலில் தண்ணீரோடு பால்போல் ஆகும்வரை குலுக்கி, குஞ்சு இருக்கும் கிண்ணத்தில் ஊற்றினால் மயங்கி அடங்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே விட்டுவைத்து, பிறகு மண்ணில் புதைத்துவிடுங்கள். உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும், கழிப்பறையில் ஊற்றுவதும் கொடுமை.

என்னைக் கவலைப்படுத்துவது ஊருணிதான். கொல்ல மனம் வராமல், புண்ணியம் என்று நினைத்து, வாளியோடு கொண்டுபோய் ஊருணியிலும் கோயில் தெப்பக்குளத்திலும் கொட்டுகிறார்கள். மழைத்தண்ணீரைச் சேர்த்துவைக்க நம் முன்னோர் வெட்டிய ஊருணியின் படிக்கல் இடுக்கு ஒவ்வொன்றும் கான்விக்ட்டுக்கு முட்டையிடும் குகை. கூனோடு சேர்ந்து நல்ல குஞ்சும் போகும், ஒரு ஜோடி பிழைத்தால் போதும். ஆஸ்திரேலியாவில் நம் ஊரைவிடக் குளிரான விக்டோரியா மாநிலத்திலேயே, 2017-ல் மூடப்பட்ட ஒரு மின்நிலையத்தின் வெதுவெதுப்பான குட்டையில் இந்த மீன் குடியேறிப் பெருகியிருந்தது. இங்கே எந்தத் தண்ணீர் குளிராக இருக்கிறது? இதே சிக்லிட் குடும்பத்து ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்தது, இன்று அது இல்லாத கண்மாய் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. முதுகு குறுகிய குஞ்சை ‘பலூன்’, ‘ஷார்ட் பாடி’ என்று பேர் வைத்துக் கூடுதல் விலைக்கு விற்பதை நிறுத்துங்கள், வாங்கிப்போகிற பிள்ளை அதையே ஜோடி சேர்க்கிறான். வளர்க்க முடியாதவர்கள் கொண்டுவரும் மீனைக் காசு கொடுக்காவிட்டாலும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் ஊருணிக்குப் போக மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி