மக்குக்கு ஏற்ற சோப்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வீடு மாறிவிட்டோம். பாதிப் பெட்டிகள் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன, சவரக் கண்ணாடி எந்தப் பெட்டிக்குள் போனது என்று தெரியாமல் இத்தனை நாளும் குளியலறைக் குழாயின் பளபளப்பில் முகம் பார்த்துத்தான் சவரம் செய்தேன் என்றால் நம்புவாயா? அதில் மூக்கு மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் அனுமானம். உன் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது? மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், எனக்கு அவளை இன்னமும் முன்பல் விழுந்த பிள்ளையாகத்தான் நினைவிருக்கிறது.

மகன் உன் பிறந்தநாளுக்குச் சவர மக்கும் பிரஷ்ஷும் வாங்கிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கணக்கு வாத்தியார் உன்னை வருடம் முழுக்க மக்கு, மக்கு என்று கூப்பிட்டாரே, அதற்கு இத்தனை காலம் கழித்து ஒரு பொருள் கிடைத்திருக்கிறது பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "எந்த சவர சோப்பு வாங்கலாம், வளவளவென்று எழுதாமல் ஒரே ஒரு பெயர் சொல்" என்று கேட்டிருக்கிறாய். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இந்த வீட்டுக்கு வந்தபிறகு நாக்கு எழவில்லை, ஏனென்றால் அந்த ஒரே பெயர் என்னையே ஏமாற்றிவிட்டது.

பழைய வீட்டில் இரண்டு வருடமாக ஒரே சோப்புதான். பிரஷ்ஷை அரை நிமிடம் சுற்றினால் போதும், முகம் முழுக்க இரண்டு தடவை பூசியும் மிச்சம் இருக்கும். இங்கே வந்த முதல் நாள், அதே சோப்பு, அதே பிரஷ், அதே கை. நுரை எழும்பியது, கன்னத்தில் பூசினேன், ரேஸரை எடுத்துத் திரும்புவதற்குள் காணோம். தாடியில் வெள்ளைத் திட்டு திட்டாக ஏதோ ஒட்டியிருந்ததே தவிர அதை நுரை என்று சொல்ல முடியாது. பழையதாகிவிட்டது போல என்று புது சோப்பு வாங்கினேன். அதே கதை. அப்புறம் பிரஷ்மேல் சந்தேகம் வந்து அதையும் ஊறவைத்து அலசிக் காயப்போட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன், குளியல் சோப்பும் தலைக்கு நுரைக்காமல் பிசுபிசுவென்று நின்றதும் அப்போதுதான் உறைத்தது. தண்ணீர்! பழைய வீட்டில் குழாயில் வந்தது நல்ல தண்ணீர், இங்கே வருவது போர் தண்ணீர், சுத்தமான உப்பு. மறுநாள் குடிக்க வைத்திருந்த, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில் ஒரு தம்ளர் எடுத்துக்கொண்டு போய் அதில் பிரஷ்ஷை நனைத்தேன். பழைய நுரை அப்படியே திரும்பி வந்துவிட்டது.

உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையாத பிசுக்காக ஆக்கிவிடும், அவை இரண்டும் வயிறு நிரம்பச் சாப்பிட்டபிறகு மிஞ்சுகிற சோப்புதான் நுரையாகும். அதனால் தண்ணீர் மோசமாக இருந்தால் முதல் வைத்தியம் இன்னும் கொஞ்சம் சோப்பு எடுப்பது. இரண்டாவது, நுரைக்கு மட்டும் நல்ல தண்ணீர். ஒரு சவரத்துக்கு அரைத் தம்ளர்கூடச் செலவாகாது, முகம் கழுவ எந்தத் தண்ணீரானாலும் சரி. கொதிக்க வைத்து ஆற வைத்தால் உப்பில் ஒரு பகுதி அடியில் படியும், எல்லாம் போகாது. சிலர் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போடுவார்கள், அது கால்சியத்தைக் கட்டிவைக்கும், ஆனால் கை தாராளமாகிப் போனால் அமிலம் சோப்பையே உடைத்துவிடும், ஜாக்கிரதை. பெட்டியில் டெட்ராசோடியம் இடிடிஏ என்று போட்டிருக்கும் சோப்புகள் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

இதில் எனக்கு வருத்தம் என்ன தெரியுமா, நாம் அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தில் ஒரு சோப்பு வாங்கி, நான்கே நாளில் "இதெல்லாம் ஒரு சோப்பா" என்று ஜன்னல் வழியாக எறிந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த விடுதித் தண்ணீரில் பருப்பே வேகாது. அந்த சோப்பின்மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்காக எல்லா சோப்பும் ஒன்றுதான் என்று நினைத்துக் குளியல் சோப்பை வெட்டி மக்கில் போட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். கொழுப்போடு காரம் சேர்ந்தால் சோப்பு. அந்தக் காரம் சோடியம் ஹைட்ராக்சைடாக இருந்தால் கட்டி இறுகலாக வரும், பொட்டாசியம் ஹைட்ராக்சைடாக இருந்தால் இளகலாக, தண்ணீர் பட்டதும் கரைவதாக வரும். குளியல் சோப்பு பெரும்பாலும் முழுக்க சோடியம்தான், நல்ல சவர சோப்பில் இரண்டும் கலந்திருக்கும். கொழுப்பிலும் வித்தியாசம் உண்டு. ஸ்டியரிக் அமிலம் அதிகமாக இருந்தால் குமிழ்கள் பொடிப்பொடியாக, நெருக்கமாக, நீ நிதானமாகத் தாடையைத் திருப்பிப் பார்த்துச் சிரைத்து முடிக்கும்வரை உடையாமல் நிற்கும். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது லாரிக் அமிலம், அது பெரிய பெரிய குமிழாக ஆர்ப்பாட்டமாக எழும்பி அதே வேகத்தில் அடங்கும், அளவு மீறினால் தோலை வறட்டவும் செய்யும். கொஞ்சம் வேண்டும்தான், இல்லாவிட்டால் நுரை கிளம்பவே சோம்பல்படும்.

ஆகவே கடையில் பெட்டியை மூக்கருகில் கொண்டுபோகும் முன் திருப்பிப் பார். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஸ்டியரேட் என்கிற பெயர்கள் முதல் மூன்று நான்கு இடத்துக்குள் இருந்தால் கையில் வைத்துக்கொள். பொட்டாசியம் என்ற சொல்லே எங்கும் இல்லை, எல்லாம் சோடியம் என்றால் அது பெரும்பாலும் சவர சோப்பு என்று பெயர் வைத்த குளியல் சோப்பு. கிளிசரின் இருந்தால் நல்லது, ஈரத்தைப் பிடித்து வைக்கும். டாலோவேட் என்று முடிந்தால் விலங்குக் கொழுப்பு, அநேகமாக மாட்டுக் கொழுப்பு. பழைய பேர்பெற்ற சோப்புகள் பலவும் அப்படித்தான், ஸ்டியரிக் அமிலமும் அதே வகையான பால்மிட்டிக் அமிலமும் அதில் இயல்பாகவே நிறைய. வேண்டாம் என்றால் விட்டுவிடு, பாமாயிலிலிருந்தும் ஷியா வெண்ணெய் என்கிற மரக்கொட்டைக் கொழுப்பிலிருந்தும் செய்கிறவை இன்று எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல, இது என் சொந்த அனுபவம். லானொலின் என்றால் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு, சவரம் முடிந்தபிறகு தோல் பூப்போல இருக்கும். மிட்செல்ஸ் வூல் ஃபேட் என்ற ஆங்கிலேய சோப்பின் பெயரே அதுதான், ஆனால் அது தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கிராக்கி செய்கிற பேர்வழி.

வாசனையைக் கடைசியில் பார். நம் வயதில் மூக்குக்குப் பிடித்தது கன்னத்துக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சோப்பே காரம், அதோடு பிளேடு தோலின் மேல்பூச்சையும் சேர்த்து வழித்துவிடுகிறது, அந்த இடத்தில் வாசனைத் திரவியம் இறங்கினால் எரியாமல் என்ன செய்யும்? லிமொனீன், லினலூல் என்ற பெயர்கள் வரிசையாக இருந்தால் வாங்கிய அன்றே முகத்தில் பூசாமல் முழங்கை மடிப்பில் ஒரு நாள் பூசிப் பார். மெந்தால் சிலருக்குச் சுகம், எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். இத்தாலியர்களின் பச்சைப் பெட்டி ப்ரொராசோவில் மெந்தாலும் யூகலிப்டஸும் உண்டு, கோடை நாளில் அதைப் போட்டுக்கொண்டு விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் சொர்க்கம் என்று என் அண்ணன் சொல்வார். அவர் கன்னம் வேறு.

மக்கின் அடி அகலத்தை அளந்துகொண்டு போ, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். வட்டமான சோப்பு வில்லை மக்குக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். சின்னதாக இருந்தால் பிரஷ்ஷோடு சேர்ந்து வில்லையும் சுற்றும், அடியில் தண்ணீர் தேங்கிக் கூழாகும். பெரியதாக இருந்தால் துருவியில் துருவி, லேசாக ஈரம் தெளித்து, கட்டை விரலால் மக்கின் அடியில் அழுத்தி ஒரு நாள் விட்டுவிடு, கல் மாதிரி பிடித்துக்கொள்ளும். குச்சியாக விற்கிற சோப்பையும் இப்படிச் செய்யலாம்; துருக்கிய ஆர்கோவை நான் அப்படித்தான் வைத்திருந்தேன், வாசனை தரை துடைக்கிற திரவம் போல இருந்தாலும் நுரையில் குறை சொல்ல முடியாது. சூடாக்கி உருக்கி ஊற்றாதே, வாசனை போய்விடும். சவரம் முடிந்ததும் மக்கை மூடி போடாமல் காயவிடு.

பிரஷ் பற்றி நீ எழுதவில்லை. பன்றி மயிர் என்றால் வெந்நீரில் ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும், முதல் இரண்டு வாரம் நாற்றமும் அடிக்கும், பழகப் பழக நுனி பிளந்து மெத்தென்று ஆகும். செயற்கை இழை என்றால் நனைத்ததும் ஆரம்பித்துவிடலாம், சோப்பும் குறைவாகக் குடிக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யாத குதிரை மயிர் பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் நோய் வந்து சிப்பாய்கள் செத்திருக்கிறார்கள். பயப்படாதே, இப்போது மயிரைச் சுத்திகரித்துத்தான் கட்டுகிறார்கள், உன்னைப் போன்ற ஆளுக்குச் சொன்னால் ஒரு வாரம் தூங்க மாட்டாய் என்பதால் சொன்னேன்.

நுரை கட்டும்போது எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. குமிழ் குமிழாகப் பொங்கியதும் "ஆகா, வந்துவிட்டது" என்று முகத்தில் அப்பிக்கொள்வது. அது காற்று. குவியலாக நின்று வேடிக்கை காட்டும், பிளேடுக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பிரஷ்ஷின் தண்ணீரை உதறிவிட்டு முதலில் வில்லைமேல் சுற்றி அதில் சோப்பை நன்றாக ஏற்ற வேண்டும், அரை நிமிடத்துக்குக் குறையாமல். அப்புறம் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சுற்று, சுற்றச் சுற்றக் குமிழ் கண்ணுக்குத் தெரியாமல் போய் ஈரமாக ஒரு மினுமினுப்பு வரும், அங்கே நிறுத்து. இரண்டு விரலுக்கு நடுவே கொஞ்சம் எடுத்துத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், விரல் பிடித்துக்கொண்டால் இன்னும் நாலு சொட்டு. தாடியை இளக வைப்பதென்னவோ தண்ணீர்தான், சோப்பின் வேலை அந்த ஈரத்தை அங்கேயே பிடித்து வைத்துப் பிளேடுக்கு வழி விடுவது. அதனால் முகத்தை இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் நனைக்காமல் ஆரம்பிக்காதே, உலகத்திலேயே நல்ல சோப்பைப் போட்டாலும் அந்த இரண்டு நிமிடத்தை அது ஈடுகட்டாது. வெட்டிக்கொண்டால் படிகாரம்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். ஒரு சின்ன பாட்டிலில் உன் வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாதி பிடி, இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். குளியல் சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போடு, மூடிக் குலுக்கு. துணி துவைக்கிற பவுடரைப் போடாதே, அது உப்புத் தண்ணீரிலும் நுரைத்து உன்னை ஏமாற்றும். குழாய்த் தண்ணீர் பாட்டிலிலும் மேலே நுரை நின்று கீழே தெளிந்திருந்தால் நீ கொடுத்து வைத்தவன், கலங்கிப்போய் மேலே ஆடை மாதிரி மிதந்தால் என் கட்சி. எது என்று எழுது, ஒரே ஒரு பெயர் அனுப்புகிறேன்.

உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: கண்ணாடி நேற்று கிடைத்துவிட்டது, போர்வைப் பெட்டிக்குள் இருந்தது. இத்தனை நாளும் இடது காதோரம் ஒரு விரல் அகலத்துக்குச் சிரைக்காமலே விட்டிருக்கிறேன். வீட்டில் பார்த்தும் ஒருத்தரும் சொல்லவில்லை.