முட்டம் பாறைகளும் மே மாத விடுமுறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவிலுள்ள 10 முதல் 14 வயது வரையிலான 18 பிள்ளைகளை, கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்திலிருந்து கடியப்பட்டணம் நோக்கிக் கரையோரமாக நடத்தி அழைத்துச் சென்றோம். எங்களுடன் நான்கு பெரியவர்களும், அந்தப் பாறைகளில் சிப்பி எடுத்துப் பழகிய மீனவர் ஒருவரும் வந்தனர்.

பாறையில் கால் வைக்கும் முன் அந்த மீனவர் எல்லோரையும் மேட்டிலேயே உட்காரவைத்து, கால் மணி நேரம் கடலைப் பார்க்கச் சொன்னார். ஈரம் காயாமல் கறுத்துக் கிடக்கும் பாறை அலைக்குச் சொந்தம், காய்ந்து வெளுத்த பாறைதான் நமக்கு என்றும், பச்சைப் பாசியின் மேல் எவ்வளவு நல்ல செருப்பும் நிற்காது என்றும் அவர் சொன்னதைப் பிள்ளைகள் வழி நெடுகத் தமக்குள் சொல்லிக்கொண்டே வந்தனர். நாங்கள் சற்று முன் கடந்து வந்திருந்த ஒரு பாறையை, பின்னால் எழுந்த பேரலை ஒன்று முழுவதுமாக மூடி இறங்கியபோது, அவர்களில் ஒருவரும் பேசவில்லை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு, அப்படியொரு கவனத்தை அங்கே பார்த்த நினைவில்லை.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 மே 6 அன்று, இதே மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அன்று புயலோ மழையோ இல்லை. தென் இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் எழும் புயல்களால் உண்டாகும் நீள் அலைகள், பல நாள் பயணம் செய்து, காற்று அசையாத தெளிந்த நாளிலும் நம் கரையில் திடீரென ஏறிவிடுகின்றன. கேரள, குமரி மீனவர்கள் இதைக் 'கள்ளக்கடல்' என்பார்கள். அறிவியலாளரும் இப்போது அந்தச் சொல்லையே வழங்குகிறார்கள். இது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது என்பதுதான் என் கவலை, ஏனெனில் நம் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துப்போவதும் அந்தக் கோடை விடுமுறையில்தான்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, கடற்கரை என்றாலே வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் முடிவு செய்துவிட்டனர். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. தடுத்து வைக்கப்படும் பிள்ளை பதினெட்டு வயதில் நண்பர்களோடு தானாகவே போகும், அப்போது பாறையின் ஈரத்தைப் படிக்க அதற்குத் தெரிந்திருக்காது.

ஆகவே, பாறைக் கரையில் சிறுவர் நடைப்பயணம் நடத்துவோர் அதை ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்கு மாற்றிக்கொள்ளுமாறும், எந்த மாதமானாலும் புறப்படுவதற்கு முன் ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் அலை எச்சரிக்கையைப் பார்த்து, உள்ளூர் மீனவர் ஒருவரை உரிய கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லுமாறும் வேண்டுகிறேன். மாவட்ட நிர்வாகம், முட்டம் போன்ற இடங்களில் பாறைக்கு இறங்கும் வழிகளில், கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாட்களில் மட்டும் ஏற்றப்படும் சிவப்புக் கொடிக்கும், அதன் பொருளைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கும் பலகைக்கும், வரும் ஏப்ரலுக்குள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகர்கோவில்.