தோற்றுப்போன வட்டுகளை என்ன செய்வது?

சென்னை

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் எடிசன் ஊரில் மகள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்ட்டைப் படம் பார்க்கும் அறையாக மாற்ற உனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அறிந்து மகிழ்ந்தேன். மாப்பிள்ளை பெரிய மனதுக்காரர்தான். பக்கத்து வீட்டுக்காரர் கேரேஜைக் காலி செய்தபோது தந்துவிட்டுப் போன தோஷிபா எச்டி-ஏ2 ப்ளேயரையும் ஒரு பெட்டி நிறைய எச்டி டிவிடிகளையும் வைத்துக்கொள்வதா, தூக்கிப் போடுவதா என்று கேட்டிருந்தாய். வைத்துக்கொள். ஆனால் அதை நம்பி அறையை அமைக்காதே. டிவிடிக்கு அடுத்த உயர்தெளிவு வட்டாக வந்து, ப்ளூ-ரேயோடு போட்டியிட்டுத் தோற்றுப்போன வகை அது. ஹோம் தியேட்டர் பொருத்தித் தருவதே என் பிழைப்பாகிவிட்டதால் இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்.

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வட்டையும் உன்னிடம் உள்ள ப்ளூ-ரே ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அளவிலும் பளபளப்பிலும் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டையும் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒரே வகை நீல-ஊதா லேசர்தான். டிவிடியின் சிவப்பு லேசருக்கு அலைநீளம் 650. தகவல் பதிந்த அடுக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. எச்டி டிவிடியில் அது டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் உள்ளே, வட்டின் நடுப்பகுதியில் இருக்கிறது. ப்ளூ-ரேயிலோ மேற்பரப்புக்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே இருக்கிறது. மேலே உள்ள பூச்சு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கூடுதல் ஆற்றலுள்ள லென்ஸைக் கொண்டு ஒளிப்புள்ளியை இன்னும் சிறிதாகக் குவிக்க முடிந்தது. அதனால் ஓர் அடுக்கில் 25 ஜிபி அடங்கியது. எச்டி டிவிடிக்கு அடுக்குக்கு 15 ஜிபிதான். இந்த வசதிக்குக் கொடுத்த விலை, கீறல் பற்றிய பயம். ஜப்பானில் முதலில் வந்த ப்ளூ-ரே பதிவு வட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே விற்கப்பட்டன. டிடிகே நிறுவனம் கீறல் தாங்கும் கடினப் பூச்சை உருவாக்கிய பிறகுதான் அந்த உறை தேவையற்றுப் போனது. எச்டி டிவிடியைப் பழைய டிவிடி ஆலைகளிலேயே சிறு மாற்றங்களோடு அச்சிடலாம் என்பதே தோஷிபாவின் பெரிய வாதமாக இருந்தது.

ப்ளூ-ரேயின் சோனி அணியும் எச்டி டிவிடியின் தோஷிபா அணியும் ஏன் சமரசம் ஆகவில்லை என்று நீ கேட்பாய். 1995-இல் டிவிடி பிறப்பதற்கு முன்பும் இதே அணிகள்தான் எதிரெதிரே நின்றன: ஒரு பக்கம் சோனியும் பிலிப்ஸும், மறுபக்கம் தோஷிபாவும் டைம் வார்னரும். ஐபிஎம் போன்ற கணினி நிறுவனங்கள் நெருக்கியதால் அப்போது ஒரே வட்டில் உடன்பாடு வந்தது, அதில் தோஷிபாவின் கை ஓங்கியிருந்தது. 2005-இல் மீண்டும் பேசிப் பார்த்தார்கள், 0.1 மில்லிமீட்டரா, 0.6 மில்லிமீட்டரா என்பதில் விட்டுக்கொடுக்க எவரும் தயாராக இல்லை. காப்புரிமைத் தொகை யார் பைக்குப் போகும் என்பது அந்த மில்லிமீட்டர் கணக்கில்தான் அடங்கியிருந்தது.

2006 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த தோஷிபாவின் எச்டி-ஏ1 ப்ளேயர் 499 டாலருக்கு விற்றது. உள்ளே பென்டியம் 4 சிப்பும் 1 ஜிபி நினைவகமும் வைத்து, லினக்ஸில் ஓடிய ஒரு கணினி அது. வட்டைப் போட்டுவிட்டுக் காபி கலந்துகொண்டு வரலாம் என்னும் அளவுக்கு மெதுவாக எழுந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து சாம்சங் கொண்டுவந்த முதல் ப்ளூ-ரே ப்ளேயருக்கு விலை 1,000 டாலர். என் கணிப்பில், அந்த முதல் ஆண்டில் முழுமையான பொருளாக இருந்தது எச்டி டிவிடிதான். இணைய இணைப்பும், படத்துக்குள் படம் காட்டும் வசதியும் எல்லா ப்ளேயரிலும் கட்டாயம் என்று அதன் விதிகள் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டன. ப்ளூ-ரேயோ 1.0, 1.1, 2.0 என்று விதிகளைத் தவணை முறையில் வெளியிட்டது. அதன் ஆரம்பகாலப் படங்கள் பலவும் 25 ஜிபி வட்டில் பழைய எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருந்ததால், இடம் போதாமல் மூச்சு முட்டின.

ஆனாலும் ப்ளூ-ரேதான் வென்றது. 2006 நவம்பரில் வந்த ப்ளேஸ்டேஷன் 3-க்குள் ப்ளூ-ரே டிரைவ் கூடவே வந்ததால், விளையாட வாங்கியவர் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே அந்த அணியில் சேர்ந்தார்கள். மைக்ரோசாஃப்ட்டோ எக்ஸ்பாக்ஸ் 360-க்கான எச்டி டிவிடி டிரைவைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. எத்தனை பேர் வாங்குவார்கள்? 2007 ஆகஸ்டில் பாரமவுன்ட் பட நிறுவனம் எச்டி டிவிடி பக்கம் தாவியது. நவம்பரில் வால்மார்ட் உன்னிடம் இருக்கும் அதே ஏ2-வை 98 டாலருக்கு விற்றது. உன் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் நின்றவராக இருக்கலாம். 2008 ஜனவரி 4 அன்று, லாஸ் வேகஸ் மின்னணுப் பொருள் கண்காட்சி தொடங்கும் தறுவாயில், இரண்டு பக்கமும் படம் வெளியிட்டு வந்த வார்னர் பட நிறுவனம் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. எச்டி டிவிடி அணி அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸும் வால்மார்ட்டும் கைவிட, 19-ஆம் தேதி தோஷிபா ஆட்டத்தை முடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அது ப்ளூ-ரே ப்ளேயர் விற்க வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். ஏ2 அனுப்புவது ஒவ்வொரு படத்தையும் இரு பாதியாகப் பிரித்து அனுப்பும் 1080i சிக்னல்தான் என்று கவலைப்படாதே. நொடிக்கு 24 பிரேம் ஓடும் திரைப்படத்தை உன் புதிய டிவி சரியாகக் கோத்து முழுப் படமாக, 1080p ஆகக் காட்டிவிடும். வட்டுகளைத்தான் சோதிக்க வேண்டும். வார்னர் வெளியிட்ட எச்டி டிவிடிகள் பல, ஒரு கீறலும் இல்லாமலே காலப்போக்கில் கெட்டுப்போகின்றன என்பது சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிந்தது. பெரும்பாலும் முதல் பாதி நன்றாக ஓடும், இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் படம் உறைந்து நிற்கும். ஆகவே தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று அடுக்கி வைக்காதே.

அறைக்கென்று வாங்குவதானால் 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே ப்ளேயர் ஒன்றை வாங்கு. பழைய ப்ளூ-ரேயும் டிவிடியும் அதிலேயே ஓடும். இந்த ப்ளேயர்களைச் செய்வதிலிருந்து ஓப்போ 2018-இலேயே விலகிவிட்டது, சாம்சங்கும் அடுத்து நிறுத்திக்கொண்டது. தாமதித்தால் தேர்வு இன்னும் குறையும். என் ஓட்டு பானசோனிக் யுபி820-க்கு, வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிசெய்யும் டால்பி விஷன், எச்டிஆர்10 பிளஸ் இரண்டும் அதில் உண்டு. உன் பழைய எஸ்ஏசிடி இசை வட்டுகளை அது படிக்காது. அவை முக்கியம் என்றால் சோனி எக்ஸ்800எம்2 வாங்கு, ஆனால் அதில் டால்பி விஷனை நீயே ரிமோட்டில் மாற்ற வேண்டியிருக்கும். பேரனின் ப்ளேஸ்டேஷன் 5 போதாதா என்று கேட்டிருந்தாய். வட்டு டிரைவ் உள்ளதென்றால் 4கே வட்டு ஓடும், டால்பி விஷன் வராது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டால், இருட்டில் எடுத்த காட்சி ஒன்றை இரண்டிலும் போட்டுக் காட்டு. மூடுபனியில் ஒற்றை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள். விளக்கைச் சுற்றி ஒளி மெல்லக் கரைய வேண்டிய இடத்தில், ஸ்ட்ரீமிங் படம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். 4கே ஸ்ட்ரீமிங்குக்குப் பொதுவாகக் கிடைப்பது நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்; 4கே வட்டில் அது 100-ஐயும் தாண்டலாம். ஒலியிலும் வட்டில் இழப்பில்லாத டால்பி ட்ரூஎச்டி, இணையத்தில் சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ். பெரிய ஸ்பீக்கர் வைத்த அறையில் இந்த வேறுபாடு மறையாது. தொடர் நாடகங்களுக்கு ஸ்ட்ரீமிங் தாராளமாகப் போதும்.

எனக்குச் சில வட்டுகள் அனுப்புவதாக எழுதியிருந்தாய். ப்ளூ-ரே என்றால் உறையின் பின்புறம் பார்த்து அனுப்பு: அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம், ஏ மட்டும் அச்சிட்டிருந்தால் என் ப்ளேயர் ஏற்காது. 4கே வட்டுகளுக்கு மண்டலத் தடை இல்லை. ஊருக்கு வரும்போது அந்த ஏ2-வைச் சுமந்து வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடு. அது அமெரிக்க மின்னழுத்தத்துக்குச் செய்தது, இங்குள்ள 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றோடு முடிந்துவிடும். பெட்டியில் உள்ள படங்களின் பட்டியலை மட்டும் எழுதி அனுப்பு, எவை இன்னும் 4கேயில் வரவில்லை என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன். முதலில் அவற்றைச் சோதிக்கலாம்.

அன்புடன்,
ராமநாதன்