ஏர் ஃபில்டரை ஊதி ஊதியே கெடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலை விரிவாக்கமும் மேம்பால வேலையும் நடக்கும் வழியில் தினமும் ஓடும் கார்களில், இன்ஜினுக்குப் போகும் காற்றைச் சலிக்கும் காகித ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்கிறது. அதைக் கழற்றி, கம்ப்ரசர் கன்னைக் காகிதத்தின் மேலேயே வைத்து முழு வேகத்தில் ஊதி, திரும்ப மாட்டிவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. புகை மாதிரி தூசி கிளம்புவதைப் பார்த்தால் சுத்தமாகிவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் அழுக்கு ஃபில்டரைவிட இப்படி ஊதிய ஃபில்டர்தான் இன்ஜினுக்கு ஆபத்து.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். அத்தனையும் அந்த மடிப்புக் காகிதத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. கம்ப்ரசர் டேங்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் இருக்கும். அதைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் காகித நார் விலகி, கண்ணுக்குப் படாத ஓட்டை விழும். அதன் வழியே நுழையும் மணல்தூள் சிலிண்டர் சுவரில் ஆயிலோடு கலந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் வண்டி ஆயில் குடிக்கும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சம் பிடிக்கப் போய் பல ஆயிரம் செலவு.

ஊதித்தான் ஆகவேண்டும் என்றால் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குள் குறைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி ஊத வேண்டும். மாற்றி ஊதினால் தூசி மடிப்புக்குள் இன்னும் ஆழமாகப் புதையும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசவே கூடாது. ஆயில் பிசுக்கு ஏறியிருந்தாலும், உள்ளே டார்ச் அடிக்கும்போது ஊசி முனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பல பெட்ரோல் கார்களின் கையேட்டில் மாற்றும் கெடு 40,000 கி.மீ. என்றிருக்கும், புழுதியில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும்.

மாட்டுவதிலும் கோளாறு நடக்கிறது. ஃபில்டர் டப்பாவில் இன்ஜினுக்குப் போகும் ஹோஸ் உள்ள பாதியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்மண் கோடு ஒட்டினால் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை, அல்லது காகிதம் கிழிந்திருக்கிறது. புது ஃபில்டர் வைக்கும் முன் ஹோஸ் வாயில் துணி அடைத்து, டப்பாவின் அடியில் கிடக்கும் சருகையும் மண்ணையும் ஈரத்துணியால் வழித்தெடுக்க வேண்டும். துணியை எடுத்துவிட்டு, ரப்பர் விளிம்பு அதற்கான பள்ளத்தில் சுற்றிலும் சமமாக இறங்கியதா என்று விரலால் தடவிப் பார்த்தபின், கீழ்க் கொக்கிகளை முதலில் கோத்து, கடைசியாகக் கிளிப்பை அழுத்த வேண்டும். ஒரே ஒரு கிளிப் உடைந்திருந்தாலும் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஹோஸ் மடிப்பில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மைலேஜ் கூடும் என்று சொல்லி ஃபில்டரை அடிக்கடி மாற்றச் சொல்வதும் சரியல்ல. கார்புரேட்டர் காலத்தில் அது உண்மை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் வரும் காற்றுக்கு ஏற்றபடிதான் பெட்ரோல் இறங்குகிறது. அடைப்பு முற்றினால் பிக்கப்தான் குறையும். லேசாகத் தூசி படிந்த ஃபில்டர், புதியதைவிட நுண்தூளை நன்றாகவே பிடிக்கும். அதனால் வாரந்தோறும் டப்பாவைத் திறக்க அவசியமே இல்லை.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊதும் கன்னுக்குப் போகும் லைனில் தனியாக ஒரு பிரஷர் ரெகுலேட்டர் மாட்டி, 30 பிஎஸ்ஐயில் நிறுத்தி வையுங்கள்.

மோட்டார் மெக்கானிக்,
நாமக்கல்